ரீலில் வந்த முகம்

சேலையூரில் போட்டோ ஸ்டுடியோ தொடங்கிய இந்த ஆறு வருடத்தில் ஜெரூஷா எந்தப் படத்துக்கும் அவ்வளவு பாடு பட்டதில்லை. மணப்பெண் சுபத்ராவுக்கு உதட்டோரத்திலிருந்து கழுத்துவரை வெண்புள்ளி இறங்கியிருந்தது. கல்யாணத்தன்று காலை மேக்கப் போட வந்தவள் அதை மூடப் பார்த்தபோது சுபத்ரா கையைத் தடுத்துவிட்டு ஜெரூஷாவைப் பார்த்தாள்.

"அப்படியே எடுங்கக்கா. பதினாலு வருஷமா இதோடதான் இருக்கேன். கல்யாண ஆல்பத்துல மட்டும் வேற யாரோ மாதிரி தெரிய வேணாம்."

வெளிச்சம் நேராக விழுந்தால் புள்ளிகள் சுண்ணாம்பு அப்பியதுபோல வெளிறின. குறைத்தால் முகமே இருண்டது. வண்டலூர் மண்டபத்து மாடி ஜன்னலில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, பக்கவாட்டில் அவளை நிறுத்தி, முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று யாரோ கத்திக்கொண்டிருக்க, ஜெரூஷா எடுத்தாள். கேமராவில் படத்தைப் பார்த்த சுபத்ரா, "ஆமா, நான்தான்" என்று சிரித்தாள்.

இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது ஜெரூஷாவின் கணவன் மெர்வின். மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வந்து ரீல் போடுவான், விளம்பரம் ஓட்டுவான். அவன் கையில் எடுத்த பிறகுதான் மாதத்துக்கு நாலு கல்யாணமாவது வந்தது. அது ஜெரூஷாவுக்கும் தெரியும். சுபத்ராவின் படங்களை வைத்து அவன் போட்ட ரீலை டீ குடித்தபடி பார்த்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் மழமழவென்று ஒரே நிறத்தில் இருந்தது.

"புள்ளியெல்லாம் எங்க மெர்வின்?"

"ஆப்ல ஆட்டோவா ஆயிடுச்சு போல, கவனிக்கல. எடுத்துட்டு வேற போடறேன்" என்றவன் போனைப் பார்த்தான். "ஜெரூ, பதினோராயிரம் வியூஸ். நாவலூர்ல இருந்து ரெண்டு என்கொயரி. எடுக்கணுமா?"

எடு என்று சொல்ல ஒரு நொடி போதும். "காலையில பாத்துக்கலாம்" என்றாள் ஜெரூஷா.

காலையில் எண்பதாயிரம். அன்றைக்கும் அவள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சுபத்ராவே ஸ்டுடியோவுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"என்கூடப் படிச்சவ மெசேஜ் பண்ணிருக்காக்கா. எங்க ட்ரீட்மென்ட் எடுத்தே, என் பொண்ணுக்கும் வந்திருக்குன்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்றது?"

"ஆப்ல தெரியாம ஆயிடுச்சும்மா."

"நீங்க எப்ப பாத்தீங்க?"

ஜெரூஷாவுக்குப் பொய் வரவில்லை. "போட்ட அன்னிக்கே."

"மேக்கப் போட்டவங்களாச்சும் என் கண்ணு முன்னாடி மூட வந்தாங்க. வேணாம்னேன், விட்டுட்டாங்க." சுபத்ரா படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜெரூஷா நின்ற இடத்திலேயே ரீலை அழித்தாள். ஜன்னலோரம் எடுத்த படத்தைத் தானே போட்டாள். அதை நூறு பேர்கூடப் பார்க்கவில்லை. நாவலூர்க்காரர்கள், ரீலில் வந்த மாதிரி ஸ்கின் வருமா என்று கேட்டதோடு சரி.

அடுத்த வாரம் சுபத்ராவின் மாமியார் சாமுண்டீஸ்வரி போன் செய்தாள். "ஆல்பத்துல அந்த ரீல்ல இருந்த மூஞ்சியே போட்டுக் குடும்மா. நாலு சொந்தக்காரங்க வந்து பாக்கறது."

"சுபத்ரா அது வேணாம்னு சொன்னாங்களேம்மா."

"அவ இன்னா சொல்றது? மொதல்ல போட்டதே நீதானே. ஊரே பாத்துச்சு. இப்ப மாட்டேன்னா எப்டி?"

போனை வைத்ததும் ஜெரூஷா சுபத்ராவை அழைத்தாள், எடுக்கவில்லை. மத்தியானம் ஒரு மெசேஜ் வந்தது: 'அத்தை சொல்ற மாதிரியே பண்ணிடுங்க. இனிமே என்கிட்ட கேக்காதீங்க.'

மொத்தம் நூற்று அறுபது படங்கள். ஆப்பை நம்பாமல் ஜெரூஷாவே உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் உதட்டோரத்தையும் கழுத்தையும் நிறம் பிசகாமல் நிரப்பினாள். வேலை சுத்தமாக வந்தது. யார் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆல்பத்தை வாங்க மாமியார்தான் வந்தாள். மறுநாள் கூகுளில் ஐந்து நட்சத்திரத்தோடு ரிவ்யூ எழுதியிருந்தாள்: 'மருமகள் சிலை மாதிரி இருக்கிறாள்.' பதில் போடவா என்று மெர்வின் கேட்டான்.

"நானே போடறேன்" என்று போனை வாங்கி, 'மிக்க நன்றி அம்மா' என்று எழுதினாள் ஜெரூஷா. அந்த ரிவ்யூவைப் பார்த்து அந்த மாதமே மூன்று கல்யாணங்கள் புக் ஆயின.