மூன்று கிலோ குறைவு

நாலாவது கோப்பையும் கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்போடுதான் சாம்பியன் பந்தயம் முடிந்த கையோடு தன் வண்டியை எடைமேடையில் ஏற்றினார். டூரிங் கார் பந்தயத்தில் ஒரு கறாரான சட்டம் உண்டு. வண்டியும் அதில் உட்கார்ந்திருக்கும் ஆளும் சேர்ந்து ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆள் ஒல்லி என்றால், சீட்டுக்கடியில் ஈயக் கட்டியை முடுக்கி ஈடுகட்டுவார்கள். பதினோரு வருஷமாக அந்தக் கணக்கு அவருடைய மச்சான் கையில். மனைவியின் தம்பி, தலைமை மெக்கானிக்.

பலகையில் எண் ஆடி ஆடி நின்றது. ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் நிறுத்துப் பார்த்தார். அதே மூன்று கிலோ குறைவு. வெற்றி ரத்து, பட்டமும் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அணியின் முதலாளியம்மா நேராக மெக்கானிக்கிடம் போனாள். பந்தயத்துக்கு முன், வியாழக்கிழமை சாம்பியனை எடை போட்டது யார், கட்டி முடுக்கியது யார் என்று குறுக்கு விசாரணை. அவன் நோட்டைப் பிரித்துக் காட்டினான். எழுபத்தொரு கிலோ என்று அவன் கையெழுத்தில் இருந்தது. கட்டியும் அசையாமல் இருந்தது. அப்படியானால் கூட்டத் தெரியாதவனா நீ என்றாள். அவன் தன் எண்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். தப்பு தன்னுடையதுதான் என்று அவனே நம்பத் தொடங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது.

சாம்பியனுக்கு மட்டும் விஷயம் தெரியும். வியாழக்கிழமை மூன்று கிலோ ஈயத்துண்டுகளைத் தன் உள்பைகளில் போட்டுக்கொண்டுதான் அவர் தராசில் ஏறினார். சில மாதங்களாகவே சோறு தொண்டையில் இறங்கவில்லை. டாக்டர் காதுக்குப் போனால் வண்டியைத் தொடவிட மாட்டார்கள். இந்த ஒரு கோப்பை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றிருந்தார். டேங்கில் மிஞ்சும் பெட்ரோல் எடையைக் காப்பாற்றிவிடும் என்று கணக்குப் போட்டார். பின்னால் வந்தவனை முந்தவிடாமல் இருக்கக் கடைசி நாலு சுற்று மிதித்த மிதியில் அதுவும் தீர்ந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தாலும் கோப்பை திரும்பாது. மிஞ்சுவது அவருடைய ரகசியம் ஒன்றுதான். அதற்கு விலை மச்சானின் மானம்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அவனை விடுங்கம்மா. எடை கொறைஞ்சது நான். பையில ஈயத்தைப் போட்டுக்கிட்டு ஏறினேன்."

வேலியோரம் தண்ணீர் பாட்டிலோடு நின்ற மனைவி கிட்டே வந்தாள். அவர் இடுப்பு பெல்ட்டில் புதிதாகக் குத்தியிருந்த இரண்டு ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தராசு கண்டுபிடிச்சிடுச்சு. பக்கத்துல படுக்கிறவ நான், எனக்குத் தெரியல. டயட்டுன்னு சொன்னீங்க, நம்பினேன்."

"சொன்னா ஓட்ட விடமாட்டியேன்னு..."

"விட்டிருக்க மாட்டேன்தான்."

மெக்கானிக் நோட்டை மூடிக் கால்சட்டைப் பையில் செருகினான். பிறகு கையை நீட்டினான்.

"சாவி குடுங்க மாமா. ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டறேன்."

அவர் வீட்டுக் காரின் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பின்சீட்டில் மனைவியோடு உட்கார்ந்தவருக்குக் காலை எங்கே வைப்பது என்று புரியவில்லை.

"மெதுவாப் போடா," என்றார்.

"இதுதான் மாமா என் வேகம். நான் என்ன சாம்பியனா?" என்றான் அவன். அக்கா முதல் முறையாகச் சிரித்தாள், அழுதுகொண்டே.