கடைசிக் குளிப்பாட்டு

வெந்நீர்ச் சட்டியோடு அறைக்குள் நுழைந்த ஜெயபாய், பின்னாலேயே வந்த வேலுத்தாயை வாசற்படியில் நிறுத்தினாள்.

"நீ வெளிய இரி. குளிப்பாட்ட நான் ஒருத்தி போதும்."

வேலுத்தாய் படியிலேயே நின்றாள். தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி நெய்யும் தறியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணிச் சுருளை நீட்டினாள். "தாடை கட்ட ஆகும்க்கா." அதுகூட ஜெயபாய்க்கு எரிச்சலாக இருந்தது. வெடுக்கென்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ராஜபாளையத்தில் அந்தச் சபையில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டுவது ஜெயபாய்தான். வீடு வீடாகப் போய் வேதம் சொன்ன பரிபூரணம் அக்காதான் அவளுக்கு இதைப் பழக்கிவிட்டவள். இப்போது உயிரில்லாமல் கிடக்கும் அந்த அக்காவுக்கும் தன் கைதான் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். அதற்கென்றே, மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட் பாட்டிலை மூடி திறக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருந்தாள். இந்த வேலுத்தாயோ போன வருஷம், 1988-இல்தான், ஞானஸ்நானம் எடுத்தவள். அக்கா படுத்த நாளிலிருந்து, தறி விட்டதும் நேரே கட்டிலடிக்கு வந்துவிடுவாள். ஞாயிறு ஆராதனை முடிந்து ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக ஜெயபாய் போகும்போதெல்லாம், அக்காவின் கால் வேலுத்தாய் மடியில் இருக்கும். ஜெயபாய்க்கு வயிறு எரியும். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"நேத்து வந்தவளுக்கு இம்புட்டு எடமாக்கா?"

அக்கா சிரித்தாள். "ஆண்டவரோட கல்லறைக்குத் தைலத்தோட போன பொம்பளைங்க, அது காலியாக் கெடக்கவும் கொண்டுபோனத அப்படியே திருப்பிக் கொண்டாந்தாவ ஜெயபாய். அவரு உசுரோட இருக்கையில கால்ல ஊத்துனவளுக்குத்தான் குடுத்துவச்சிருந்துது."

அந்தச் சிரிப்பை ஜெயபாய் மன்னிக்கவே இல்லை. இருக்கட்டும், கடைசிக் கை என்னுடையதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

முகம் துடைத்தாள். கை, மார்பு, முதுகு எல்லாம் முடிந்தது. கால்தான் எப்போதும் நேரம் பிடிக்கும். பித்தவெடிப்பில் ஏறிய மண் லேசில் போகாது. கூமாப்பட்டி வரைக்கும் வேதப்புத்தகத்தோடு நடந்தே போன கால் இது, கேட்கவா வேண்டும் என்று பீர்க்கங்கூட்டைத் தயாராக வைத்திருந்தாள்.

பாதத்தைக் கையில் ஏந்தினாள். குதிகாலில் ஒரு வெடிப்பு இல்லை. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. விரலிடுக்கில் துணியை விட்டுத் துடைத்தாள். துணி வெள்ளையாகவே வந்தது. அடுத்த காலையும் தூக்கிப் பார்த்தாள். அதுவும் பிள்ளையின் பாதம் போலத்தான் இருந்தது.

வெளியே செருப்பில்லாத காலடி கேட்டது.

"யக்கா, இன்னொரு சட்டித் தண்ணி கொண்டாரவா?"

"கொண்டா," என்றாள் ஜெயபாய். "அழுக்கு நெறைய கெடக்கு."

பீர்க்கங்கூட்டை எடுத்து, வெளுத்து மினுங்கிய குதிகாலை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.