நிப்பாட்ட ஒரு மூடி

அருளம்பலத்தின் ஜீப் வருகிறதென்றால் ஒழுங்கையில் படுத்திருக்கும் நாய்கூட எழும்பாது. அவ்வளவு ஆறுதலாக வரும். ஆனால் மாரி மழையில் உரும்பிராய்ச் செம்மண் குழைந்து, உழவு மெசினே புதைந்து நிற்கிற நாளில், அந்தக் கிழட்டு ஜீப்தான் தோட்டத்துக்குள் இறங்கி வெங்காய மூட்டைகளோடு ஏறி வரும். அதற்காகவே அவர் அதை விற்காமல் வைத்திருந்தார். வாங்க ஒருவரும் கேட்கவில்லை என்பது வேறு கதை.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன வருசம் ஜீப்புக்கு நல்ல காலம் பிறந்தது. புத்தம் புதுக் கார்கள் எல்லாம் பெற்றோல் செட்டுக்கு முன்னால் வரிசையில் வெயில் காய, அருளம்பலம் ஊர் சுற்றினார். சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணம் முழுக்கச் செய்த வேலைதான்: வண்டியை மண்ணெண்ணெயில் ஓட்டுவது. நீர் இறைக்கும் மெசினுக்கென்று வாங்கிவைத்த பரல் ஒன்று அவரிடம் இருந்தது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. ஆகவே சுடுதண்ணிப் போத்தல் மூடியால் ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடு ஏறியதும் காலடியில் இருக்கும் எண்ணெய்க் குழாய்த் திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும்.

இது எல்லாருக்கும் தெரியும். நிறுத்துவதில்தான் சூட்சுமம். வீட்டுக்குக் கிட்ட வரும்போது திருகைத் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி, எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டும் காபறேற்றரில் கிடக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்த பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். அதற்கு இன்னொரு மூடி. அந்த மூடியை மிச்சம் பிடித்தால் அடுத்தநாள் வண்டி மலைபோல அசையாது. அருளம்பலம் பிள்ளையார் கோயிலடிக்கு வந்ததும் குனிந்து திருகைத் திருப்புவார். தெரியாதவர்கள் மனிசன் என்ன பக்தியாகக் கும்பிடுகிறார் என்று நினைப்பார்கள்.

பெற்றோல் சாமியறை அலுமாரிக்குள் ஒரு போத்தலில் இருந்தது. காவல் அவருடைய மனைவி சுவர்ணா. அவவுக்கு முட்டு வருத்தம், ஆஸ்மா. கடுமையாக இழுக்கத் தொடங்கினால் வாயில் அடிக்கும் பம் போதாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடி மெசினில் மருந்துப் புகை பிடிக்க வேண்டும். ஓட்டோக்காரரின் பெற்றோல் ராங்கிகள் எல்லாம் காய்ந்து கிடந்த நேரத்தில், அவவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்தது அந்த ஜீப் ஒன்றுதான்.

"இஞ்சாருங்கோ, உந்தப் போத்தலுக்கை இருக்கிறது பெற்றோல் இல்லை, என்ரை மூச்சு. பார்த்துச் செலவழியுங்கோ" என்று அவ பகிடியாகச் சொல்லுவா.

"நான் இருக்கேக்கை உமக்கென்ன பயம்?" என்பார் அருளம்பலம். மனதாரத்தான் சொன்னார். அவருக்கு அவவில் உயிர். என்ன, புகழ்ச்சி என்றால் மட்டும் மனிசன் வழுக்கி விழுந்துவிடுவார்.

நெல்லியடியிலிருந்து கிருஷாந் என்று ஒருவன் வந்தான். உலகத்தில் இல்லாத வாகனப் புதினங்களை எல்லாம் தேடிப் பிடித்து யூடியூப்பில் போடுகிறவன். சிரட்டைப் புகையில் ஓடுகிற கார், கட்டில் பூட்டிய மோட்டார்சைக்கிள் என்று அவனுடைய சரக்குகள் அப்படி.

"அண்ணை, ஒருநாள் ஓட்டத்துக்கு எவ்வளவு பெற்றோல் போகுது?" என்று கமராவைப் பிடித்தபடி கேட்டான்.

இரண்டு மூடி என்பதே பெரிய சாதனைதான். ஆனால் கமராவைக் கண்டதும் அருளம்பலத்தின் நாக்கில் சனியன் ஏறி உட்கார்ந்தது.

"ஒரு மூடி" என்றார்.

"ஒரேயொரு மூடியோ! அப்ப அதையே தலைப்பாப் போடுறன் அண்ணை. காலமை ஒரு மூடி விட்டதிலை இருந்து, பின்னேரம் வீட்டு வாசல்லை நிக்கிற வரைக்கும் முழுக்க எடுப்பம். ஒருத்தரும் பொய்யெண்டு சொல்லக்கூடாது."

சொன்ன வாயை இனி மூட முடியுமா? வல்லை வெளிக்குப் போனார்கள். சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் ஜீப்பை விட்டுப் பிளந்து ஓட்டினார் அருளம்பலம். பார்க்க ஆட்கள் கூடினார்கள். ஒரு கார்க்காரர் இறங்கி வந்து கைகுலுக்கினார். பின்னேரம் திரும்பும்போது மனிசன் நிலத்தில் இல்லை.

பிள்ளையார் கோயிலடி வந்தது. பழக்கத்தில் கை திருகை நோக்கிக் கீழே போனது. பக்கத்தில் இருந்த கிருஷாந் கமராவை அந்தக் கை போன பக்கம் திருப்பினான். அருளம்பலம் கையை மேலே எடுத்தார். நெஞ்சில் தொட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டார். வீடியோவில் அந்த இடம் மிகவும் நன்றாக வந்திருந்ததாகப் பிறகு பலபேர் சொன்னார்கள்.

வாசலில் மண்ணெண்ணெயிலேயே எஞ்சினை நிறுத்தினார். பாதகமில்லை, இவன் போனதும் சூடு ஆற முந்தித் திரும்ப ஸ்டார்ட் செய்து பெற்றோலில் ஓட்டி நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டார். அவன் போகவில்லை. தேத்தண்ணி குடித்தான். முன்வீட்டு இரத்தினம்மா வந்தா. ஒழுங்கையில் இருந்த மற்றவர்களும் வந்தார்கள். வல்லை வெளிக் கதையை அருளம்பலம் வந்தவருக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னார். வெளியே எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது.

எல்லாரும் போன பிறகு சுவர்ணா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டா.

"பெற்றோலுக்கு மாத்தித்தானே நிப்பாட்டினனீங்கள்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மனிசி ஒரு முறை முறைப்பா, பேசுவா, இவர் போய்ச் செய்துவிட்டு வந்திருப்பார். ஆனால் அன்றைய சந்தோசப் புளுகத்தில் ஒரு பேச்சுக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

"ஓமோம்" என்றார். காலையில் வெள்ளன எழும்பிக் கழற்றித் துடைத்துவிட்டால் சரி என்று நினைத்தார். அவர் சொல்லை நம்பி சுவர்ணா படுக்கப் போனா.

வெள்ளன எழும்பினார்தான். எழும்பியதும் போனைப் பார்த்தார். வீடியோவுக்குக் கீழே உலகத்துத் தமிழர் எல்லாம் எழுதியிருந்தார்கள். 'யாழ்ப்பாணத்து மூளை' என்று ஒருவர், 'ஐயாவுக்குச் சிலை வைக்க வேணும்' என்று இன்னொருவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். முற்றம் கூட்டுகிற சத்தம் நின்றது அவருக்குக் கேட்கவில்லை. விளக்குமாறு விழுந்தது மட்டும் கேட்டது.

சுவர்ணா கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி குனிந்து நின்றா. பம்மை அடித்தும் இழுப்பு நிற்கவில்லை. இரத்தினம்மா ஓடிவந்து அம்புலன்சுக்குப் போன் அடித்தா. அது காங்கேசன்துறைப் பக்கம் ஓர் ஆளை ஏற்றப் போயிருக்கிறது, முடிந்தவுடன் வரும் என்றார்கள்.

"இவர்தான் வண்டி வைச்சிருக்கிறாரே, ஏத்துவம்" என்றா இரத்தினம்மா.

இருவருமாகச் சுவர்ணாவைத் தூக்கி முன் சீற்றில் இருத்தினார்கள். அருளம்பலம் அலுமாரியைத் திறந்து போத்தலைக் கொண்டுவந்து ஒரு மூடி இல்லை, நாலு மூடி பெற்றோல் விட்டார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது. பற்றவில்லை. மறுபடி திருப்பினார். காபறேற்றர் நிறையக் குளிர்ந்த மண்ணெண்ணெய். மேலே விட்ட பெற்றோல் இறங்க இடமில்லை.

சுவர்ணா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தா. பேச அவவுக்கு மூச்சு இல்லை. ஆனால் எத்தனை வருசம் அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தியவ, அந்தச் சத்தம் என்ன சத்தமென்று அவவுக்குத் தெரியும். கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். நீங்கள் ஓமெண்டு சொன்னீங்களே என்று கேட்கிற பார்வை அது.

அவர் பொனற்றைத் திறந்து காபறேற்றரின் அடி நட்டைக் கழற்றினார். கை தவறி நட்டு மண்ணுக்குள் விழுந்தது. தவழ்ந்து தேடினார். எடுத்தார். மண்ணெண்ணெயை வடித்து, பிளக்குகளை உடுத்திருந்த சாரத்தால் துடைத்து, திரும்பப் பூட்டினார். "கெதியாச் செய்யுங்கோ, கெதியாச் செய்யுங்கோ" என்று இரத்தினம்மா அழுதுகொண்டிருந்தா. பிறகு சுவர்ணாவின் கையைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினா.

எஞ்சின் பிடித்தது. அன்று ஓடியதுபோல அந்த ஜீப் ஒருநாளும் ஓடியதில்லை. கோண்டாவில் தாண்டும்போது சுவர்ணாவின் தலை அவருடைய தோளில் சாய்ந்தது. நித்திரை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

"கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாம்" என்றார் டொக்டர், பிழை பிடிக்காத குரலில்.

நடைவழியில் நின்றபோது போன் அடித்தது. லண்டனில் இருந்து மகள் கஜந்தினி.

"அப்பா, இஞ்சை ராவேலைக்கு வந்த இடத்திலையும் உங்கடை வீடியோ பாக்கினம்! அம்மாவிட்டைக் குடுங்கோ, அவவின்ரை புருசன் இப்ப பெரிய ஆளெல்லோ!"

 

சுவர்ணாவின் எட்டுச்செலவு முடிந்து பந்தல் கழற்றிய பின்னேரம் படலையில் ஒருவர் வந்து நின்றார். பிலிப்பு என்று பெயர். கடற்கரைப் பக்கம் மணலுக்குள் பழைய ஜீப் ஓட்டி மீன் ஏற்றுகிறவர். செத்தவீடு என்று தெரியாமல் வந்துவிட்டார்.

"வீடியோ பாத்தனான் அண்ணை. என்ரை வண்டியையும் அப்பிடிச் செய்யலாம் எண்டு வந்தனான். ஒரு மூடி போதும் என்ன?"

அருளம்பலம் எழும்பிப் போய் ஜீப்பின் காலடியில் இருந்த திருகைக் காட்டினார்.

"இல்லைத் தம்பி. ரெண்டு மூடி வேணும். வெளிக்கிட ஒண்டு, நிப்பாட்ட ஒண்டு."

"வீடியோவிலை ஒண்டெண்டெல்லே சொன்னனீங்கள்?"

"அது பொய்."

பிலிப்பு சங்கடப்பட்டுச் சிரித்தார். "அதுக்கென்ன அண்ணை, யூடியூப்பிலை எல்லாரும் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுத்தானே சொல்லுறவை."

"வீட்டிலையும் பொய்தான் சொன்னனான்" என்றார் அருளம்பலம். "அவ நம்பினவ."