ஊர் கேபிள்

ஊரூர் குப்பத்தில் கேபிள் டிவி எந்த முதலாளிக்கும் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். வீட்டுக்கு வீடு பங்கு போட்டு வாங்கிய டிஷ், கோயில் மண்டபத்து மாடியில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள, குப்பத்திலேயே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த வலியுல்லாவை நியமித்தார்கள். பெசன்ட் நகர் பங்களாக்களைவிடக் குப்பத்துக் குடிசையில் படம் பளிச்சென்று வந்தது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் ஊர் கொடுத்ததை ஊரே பிடுங்கவும் செய்யும், இல்லையா? ஒரு வலைத் தகராறில் குப்பத்து மீனவன் அம்மாசி பஞ்சாயத்துக்கு வராமல் நேரே போலீசுக்குப் போய்விட்டான். ஊர் அவன் வீட்டை ஒதுக்கி வைத்தது. யாரும் பேசக்கூடாது, தொழிலுக்குச் சேர்க்கக்கூடாது, ஊர்க் கரையில் அவன் கட்டுமரம் இறங்கக்கூடாது. கேபிளையும் வெட்டு என்றார் ஊர்த் தலைவர். அந்த வீட்டு மீன்குழம்பை எத்தனையோ நாள் ருசித்துத் தின்றவன் வலியுல்லா. அவனே கூரையேறி வெட்டினான். அம்மாசியின் மனைவி கன்னியம்மா கீழே நின்று பார்த்தாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் புயல் எச்சரிக்கை வந்தது. 'யாரும் கடலுக்குப் போக வேண்டாம்' என்று வலியுல்லா அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, கேபிளோடு இணைத்திருந்த கேமரா முன் வைத்தான். வீட்டுக்கு வீடு படம் நின்று அட்டை தெரிந்தது. முன்பெல்லாம் மைக்கில் கத்துவார்கள். கேபிள் வந்ததும் அந்தப் பழக்கம் ஒழிந்தது. அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. அம்மாசிக்கு யார் சொல்வார்கள்?

வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் டிஷ் பக்கமே விடமாட்டார்கள், கடையும் போகும். மனுஷனுக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பேசத்தானே கூடாது? பக்கத்து வீட்டு வழியாகக் கூரையேறி, வெட்டிய ஒயரை மறுபடி சேர்த்து டேப் சுற்றினான். இனி அட்டையே சொல்லிவிடும். யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போய், தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு டீயும் குடித்தான். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

சாயங்காலம் காற்று பேயாய் அடித்தது. அடையாற்று முகத்துவாரத்தில் கூட்டம். கன்னியம்மா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். அங்கிருந்துதான் அம்மாசி தன்னந்தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போயிருந்தான். ஊர்க் கரையில் கட்டுமரங்களெல்லாம் ஏறிக் கிடந்தது அவன் கண்ணில் பட வழியில்லை.

வலியுல்லாவுக்குக் கட்டுப்பாடெல்லாம் மறந்துபோயிற்று. "அக்கா, ஒயரு குடுத்துட்டேனே. டிவில போட்டுகினே இருந்துச்சே" என்றான்.

"எந்த டிவில பாய்? நீ அறுத்த அன்னிக்கே எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிட்டேன். வெறும் பொட்டிய பாத்துகினு குந்தினு இருக்க சொல்றியா?"

கன்னியம்மா கடலைப் பார்த்தபடியே மேலும் சொன்னாள்.

"நீ கூர மேல இருக்கசொல்லோ அவரு உள்ளதான் வலைய மடிச்சிகினு இருந்தாரு. பாய் எதுனா சொல்ல வந்துகீறான் போலன்னு வெளிய வந்து நின்னாரு. நீ மூஞ்ச திருப்பிகினு போய்ட்ட. அதுக்கப்பறம்தான் கெளம்பினாரு."

வலியுல்லா தண்ணீரில் இறங்கினான். தொண்டை கிழிய அம்மாசியின் பெயரைக் கூப்பிட்டான். தலைவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். யாரும் அவனைத் தடுக்கவில்லை.