பேட்டரி போட்ட பம்பை

கீபோர்டு வாசிக்கும் கார்த்திகேசனுக்கு அந்த 2005 ஆடித் திருவிழா கிடைத்தே ஆக வேண்டும். மரக்காணத்தைச் சுற்றி எந்தக் கல்யாணத்துக்கு எவன் கீபோர்டு என்பதை, அம்மன் கோயிலில் எவன் வாசித்தான் என்று பார்த்துத்தான் ஜனங்கள் முடிவு பண்ணுவார்கள். வழக்கமாக வரும் பம்பை மேளக்காரர் கண்ணாயிரமோ திருவிழா வெள்ளிக்கிழமைக்கு இரும்பை ஊர்க் கோயிலில் வாக்குக் கொடுத்துவிட்டார். இவனுக்கு அடித்தது யோகம்! தர்மகர்த்தா காசிலிங்கத்திடம் போய் நின்றான்.

“பம்பை எதுக்குங்க? என் பொட்டிக்குள்ளயே இருக்குது.”

காசிலிங்கம் லேசுப்பட்ட ஆளா? “வாசிச்சுக் காட்டு. பாஞ்சாலைக்குச் சாமி வந்தா வெள்ளிக்கெழம உனக்கு. வரலைன்னா பொட்டியத் தூக்கினு கெளம்பு,” என்று சொல்லிவிட்டார்.

உப்பளத்தில் வேலை செய்யும் பாஞ்சாலை மேல்தான் வருஷா வருஷம் ஆத்தா இறங்குவாள். அதற்கு அப்புறம்தான் கரகம் கிளம்பும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் வாசலில் பெட்டியை வைத்தான். உப்புக்காற்று தின்ற பெட்டி, பாவம். பவர் பட்டனும் ஸ்டாப் பட்டனும் இறுகிப்போய் மாசக்கணக்காச்சு. வயரைப் பிடுங்கித்தான் நிறுத்துவான். அன்றைக்குக் கரண்ட் போய் மானத்தை வாங்கிவிடக் கூடாதென்று புதுப் பேட்டரி வேறு அடைத்து, மூடியை ஸ்குரூ போட்டு முறுக்கியிருந்தான்.

முதலில் பெட்டியோடு வந்த தாளத்தைத் தட்டினான். பாஞ்சாலை கண்ணை மூடி, கை கூப்பி, நிஜமாகவே முயற்சி பண்ணினாள். கொட்டாவிதான் வந்தது.

“நான் இன்னா பண்றது கார்த்தி? டால்டா டப்பாவுல கரண்டியால தட்டற மாதிரி இருக்குது. இதுக்குப் போயி ஆத்தா வருவாளா?”

“நமுத்த பட்டாசுப்பா,” என்றார் காசிலிங்கம், ரொம்ப சந்தோஷமாக.

கார்த்திகேசன் விடவில்லை. “இரு அக்கா, இரு!” என்று பாண்டிச்சேரிக் கடைக்காரன் ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுத்த பம்பையைப் போட்டான்.

தொம்மென்று விழுந்தது அடி. பாஞ்சாலையின் கால் கட்டைவிரல் துடித்தது. அப்புறம் குதிகால். அப்புறம் தோள். கொண்டை அவிழ்ந்து, “ஏஏஏய்!” என்று ஒரு கூச்சல்! கார்த்திகேசனுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

காசிலிங்கம் அவசரமாகக் கற்பூரம் ஏற்றினார். “தாயே! என்ன குறை வச்சோம், சொல்லு!”

“மேளத்துலதாண்டா குறை! அடி வயித்துல வுழல! ஏத்துடா!”

ஆத்தாவே சொன்ன பிறகு அப்பீல் ஏது? ஏற்றினான். சத்தம் உச்சத்துக்குப் போனது. வால்யூம் குமிழ் கையோடு வந்துவிட்டது. கோயில் மணி தானாகவே அதிர்ந்தது. பாஞ்சாலை சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். திடீரென்று தன் சொந்தக் குரலில் கத்தினாள்.

“டேய், நிறுத்துடா பாவி! ஆத்தா எப்பவோ மலையேறிட்டா! என் காலுதான் நிக்க மாட்டேங்குது!”

வயரைப் பிடுங்கினான். புதுப் பேட்டரி அல்லவா, தொம் தொம்மென்று போட்டுத் தாக்கியது. ஸ்டாப் பட்டனைக் குத்தினான், பவர் பட்டனைக் குத்தினான், பெட்டியையே குத்தினான். இதற்குள் தர்மகர்த்தாவின் தோளும் குலுங்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் பெட்டியைக் கவிழ்த்து, குமிழை வீசிவிட்டு, சாவிமுனையால் ஸ்குரூவைத் திருகி மூடியைப் பிய்த்தான். பேட்டரிகள் உருண்டோடின. சத்தம் நின்றது. பாஞ்சாலை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து அவள் மூச்சு திரும்பியதும், காசிலிங்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஒன்றுமே நடக்காதவர் போலக் கேட்டார்.

“என்னம்மா, மேளம் தேறுமா?”

“மேளம் தேறும். கண்ணாயிரம் அண்ணன் என் மூஞ்சியப் பாத்து வாசிக்கும். நான் தள்ளாடினா கை தானா எறங்கிடும். இவன் பொட்டியவே பாத்துனு இருந்தான்.”

கார்த்திகேசனுக்கு வெட்கமாகிவிட்டது. உண்மைதான், அத்தனை நேரத்தில் அவள் முகத்தை ஒரு தரம்கூட அவன் பார்க்கவில்லை.

“வெள்ளிக்கெழம உன்னத்தான்க்கா பாப்பேன். சத்தியமா.”

பாஞ்சாலை காலை நீவிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சரி, வா. பேட்டரிய மட்டும் வூட்டுலயே வச்சிட்டு வா.”