பூஜையில் வைத்த பாட்டுநோட்டு

கொலுவுக்கு வந்த பெண்களில் வைதேஹி மாமி பாடச் சொல்லாதது ரத்னமாலாவை மட்டும்தான். சின்ன காஞ்சிபுரத்தில் மாமி வீட்டுப் பின்கட்டில் ஜூன் மாதம்தான் குடிவந்திருந்தாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்துநான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. தென்னேரிப் பக்கத்துச் சமணக் குடும்பம்.

முதல் நாள் விளக்கேற்றியபின் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாடினார்கள். பாடியவருக்குச் சுண்டல், வெற்றிலை பாக்கு. ரத்னமாலாவின் முறை வருவதற்குள் மாமியின் மருமகள் அவசரப்பட்டுச் சுண்டலை நீட்டிவிட்டாள்.

"இருட்டினப்புறம் நாங்க சாப்பிடறதில்லமா. தப்பா நெனச்சுக்காதீங்க."

மாமி உடனே மருமகளின் கையைப் பிடித்தாள். "அவா சமணா. ரொம்ப நியமம். பாட்டுகீட்டுன்னு கேட்டுச் சங்கடப்படுத்தாதே."

"ஏன், ராத்திரியில பாட்டும் ஜீரணமாகாதோ?" என்றாள் பக்கத்து வீட்டு மரகதவல்லி. எல்லோரும் சிரித்தார்கள். ரத்னமாலாவும் சிரித்தாள். 'எனக்குப் பாட்டு இருக்குது' என்று சொல்லவேண்டிய நேரம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. அதற்குப் பின் தினமும் அவளுக்கு மணை போட்டார்கள், குங்குமம் கொடுத்தார்கள், பாடச் சொல்லவில்லை.

பாட்டு அம்மாவுடையது. அவர்களுக்குத் தீபாவளி, மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். விடியுமுன் ஊர் ஜினாலயத்தில் அம்மா அகல்களை வரிசையாக ஏற்றிக்கொண்டே பாடுவாள். ரத்னமாலா பின்பாட்டு. தை மாதம் அம்மா போனாள். தம்பி பிலாயில் வேலையாக இருந்தான். ஊர்வீட்டைப் பூட்டியாயிற்று. அதன்பின் அவளுக்கு மார்பில் கல் ஏறி உட்கார்ந்ததுபோல ஒரு கனம். ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். "தனியா இருக்கீங்களா? நாலு பேர் இருக்கிற எடத்துக்குப் போங்கம்மா. பாட்டு கேளுங்க."

கொலுவில் எட்டு நாளாகக் கேட்டாள். மற்றவர்கள் பாடப் பாடக் கனம் கூடியதே தவிரக் குறையவில்லை. இடையில் ஐந்தாம் நாள் காலை, கிணற்றடியில் தண்ணீர் சேந்தும்போது, அம்மாவின் பாட்டில் இரண்டு அடி தன்னையறியாமல் வாயில் வந்தது. அப்போது ஒரு முழு மூச்சு உள்ளே போனது. மாதக்கணக்கில் அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த அடியை எடுத்தாள்; கேட்க ஆளில்லாமல் அது வரவில்லை. இந்தப் பாட்டைத் தனியாகப் பாடிப் பயனில்லை, யாராவது எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு பெண் காரணம் சொல்லாமல் நாலு பேர் முன்னால் பாடக்கூடிய இடம் இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்து அந்தக் கூடம் ஒன்றுதான். அதுவும் இன்னும் சில நாளைக்கு.

ஒன்பதாம் நாள் சூரியன் இறங்குமுன் சாப்பிட்டு முடித்தாள். அம்மா கைப்பட எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டாள். பாட்டு அவளுக்கு மனப்பாடம். ஆனால் நோட்டை மடியில் விரித்து உட்கார்ந்தால், கேட்காமலே புரிந்துகொள்வார்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்காது.

வாசற்படியிலேயே மாமி எதிர்கொண்டாள். "அடடே, டீச்சரும் புஸ்தகம் கொண்டு வந்துட்டேளா! நானே வந்து கேக்கணும்னு இருந்தேன்."

"இல்லமா, இது வந்து…"

அதற்குள் மாமி இரண்டு கையாலும் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால், வீணைக்குப் பக்கத்தில், பேரன்களின் பாடப்புத்தகங்கள்மேல் அதை வைத்தாள். அட்டையில் சந்தனம் இட்டாள். சரஸ்வதி பூஜையன்று ஏட்டைத் தொடக்கூடாது. "நாளைக்குக் காலம்பற எடுத்துக்கலாம், என்ன?" என்றாள், அத்தனை பிரியமாக.

அன்றும் எல்லோரும் பாடினார்கள். ரத்னமாலா வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் விஜயதசமி. வீட்டு ஆண்கள் வரதராஜர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மருமகள் குழந்தைகளோடு பிறந்தகம். கூடத்தில் மாமி மட்டும் கொலுப்படியின் முன் நின்று, நேற்றைய பூக்களைப் பொம்மைகளிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கோங்கோ டீச்சர்," என்றாள் திரும்பாமலே. "வெறுமனே எடுத்துண்டு போகப்படாது. நாலு வரி வாய்விட்டுப் படிக்கணும். கணக்குன்னா ரெண்டாம் வாய்ப்பாடாவது சொல்லுங்கோ."

ரத்னமாலா நோட்டைத் திறந்தாள். சந்தனம் காய்ந்து விரலில் உதிர்ந்தது.

"இது படிக்கிறது இல்லமா."

"பின்னே?"

"பாடறது."

 ரத்னமாலா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தாள். முதல் அடி பிசிறடித்தது. நிறுத்தித் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எடுத்தாள். இரண்டாம் அடியில் ஜினரின் பெயர் வந்தது. அதைத் தயங்காமல், ஊரில் பாடுகிற சுருதியிலேயே சொன்னாள்.

படியருகே மாமியின் கை நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாடிய கதம்பச் சரம் பாதி அவள் விரல்களிலும் பாதி பொம்மையின் கழுத்திலுமாக, இழுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.