சம்பந்தி கட்டிய மேடை

தெருமரம் வெட்டும் குழுவுக்கு அவள்தான் மேஸ்திரி. வெட்டப் போன இடத்திலெல்லாம் வசவு வாங்கியிருக்கிறாள். ஒன்றும் மேலே ஒட்டியதில்லை, துடைத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். ஆனால் அன்று வெட்ட வேண்டிய மரம் நின்றது அவளுடைய சம்பந்தி வீட்டு வாசலில். பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய்க் குரலை உயர்த்த முடியுமா?

மரத்தின் பெரிய கிளை மாடி அறைக்கு மேல் நீண்டிருந்தது. அந்த அறையில்தான் மகள் படுக்கிறாள், அதுவும் பிள்ளைத்தாச்சி. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் கிளம்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, வெட்டியே ஆக வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அடுத்த பெருங்காற்றுக்கு அது தாங்காது என்று அவளுக்கும் தெரியும். வெட்டும்வரை மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று நயமாகக் கேட்டுப் பார்த்தாள். "ஒரு மரத்துக்குப் பயந்து மருமகளை அனுப்பறதா?" என்று சிரித்துவிட்டார் சம்பந்தி.

சம்பந்தி ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனிதர். மருமகளை ஒரு சொல் சொன்னதில்லை. பிடிவாதம் மட்டும் கொஞ்சம் கூடுதல். கிளைவரை ஆளை ஏற்றும் தூக்குவண்டி நிற்க வேண்டிய இடத்தில் முந்தின நாளே காரை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மரத்தடி மேடையில் உட்கார்ந்திருந்தார். மரத்தைச் சுற்றி வட்டமாக அந்த மேடையைக் கட்டியவரும் அவரேதான். வேலையை விட்டு வந்த புதிதில், பொழுது போகாமல், செங்கல் அடுக்கி, நடுவே மண்ணைக் கொட்டி, நீலமும் வெள்ளையுமாக டைல்ஸ் ஒட்டிவிட்டார். தினமும் அதற்குள் தண்ணீரும் ஊற்றுவார்.

"வாங்க சம்பந்தியம்மா. காபி சாப்பிடுங்க. மரத்தை மட்டும் தொட விடமாட்டேன்."

"அண்ணே, மரம் கெட்டுப்போச்சு."

"இலையைப் பாருங்க, பச்சைப் பசேல்னு இருக்கு. இதுவா கெட்டுப்போச்சு?"

வெட்டுவதற்கு முன் மரச்சுத்தியலால் தட்டிப் பார்ப்பது குழுவின் வழக்கம். உள்ளே கெட்டியாக இருந்தால் சத்தம் இறுக்கமாக வரும். கூடாகிவிட்டால் காலி டிரம் மாதிரி அதிரும். சம்பந்தி அவள் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, தன் நெஞ்சு உயரத்தில் நாலு தட்டுத் தட்டினார். கல் மாதிரி கேட்டது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்கூட வாசலுக்கு வந்து தலையாட்டினார். கேட்க வேண்டுமா, சம்பந்திக்குப் பிடி இன்னும் இறுகிவிட்டது.

"அழுகினதைக் கண்ணுல காட்டுங்க, சாவியைத் தர்றேன்."

அழுகல் கீழே, மேடை மண்ணுக்குள் மறைந்திருந்தது. காட்ட வேண்டுமென்றால் மேடையை உடைக்க வேண்டும். உடைத்தால் மரத்தை அழுகவைத்தது எது என்பதும் வெளியே வந்துவிடும். அதனால் மேடைக்கு மேலாகவே மரத்தை அறுத்துவிட்டு, மேடையை அப்படியே விட்டுவிடலாம் என்று இருந்தாள். அவர் மனமும் நோகாது, அந்த வீட்டில் மகளை யாரும் முகம் கோணிப் பார்க்கவும் மாட்டார்கள். மனிதர் விட்டால்தானே!

அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் மகள், அவளுக்கு நேர் மேலே அந்தக் கிளை. அதற்கு மேல் யோசிக்கவில்லை. கடப்பாரையை எடுத்தாள். ஆட்களிடம் கொடுக்கவில்லை, சம்பந்தி கட்டியதை உடைப்பதென்றால் தன் கையால் உடைப்பதுதான் மரியாதை என்று பட்டது.

டைல்ஸ் சில்லுச் சில்லாக விழுந்தது. மண்ணை வாரிப் போட்டாள். ஈர அட்டையைப் போலப் பட்டை கையோடு வந்தது.

"இப்ப இங்க தட்டுங்கண்ணே."

தட்டினார். சத்தமே வரவில்லை, சுத்தியல் உள்ளே அமுங்கியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. சாவியை எடுத்துக் காரை நகர்த்தினார்.

மாடி அறைக்கு மேலிருந்த கிளையை முதலில் கயிறு கட்டி இறக்கினார்கள். அது தரையைத் தொட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மதியத்துக்குள் அடிமரமும் சாய்ந்தது. நடுவில் கையை விட்டால் தோள்வரை போகும் அளவுக்குப் பொந்து.

சம்பந்தி பக்கத்தில் வந்து நின்றார். "எதனால இப்படி ஆச்சு?"

அவள் மென்று முழுங்கினாள். "வயசுதாண்ணே. மனுசனுக்கு வர்றது மரத்துக்கும் வரும்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்படியா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். மிச்ச டைல்ஸ் இருக்கு, புதுக்கன்னு வெச்சதும் இன்னும் பெருசாக் கட்டிடறேன். டாக்டர் வீட்டு மரத்துக்குப் போன மாசம்தான் கட்டிக் கொடுத்தேன். எதிர்வீட்டம்மாவும் கேட்டிருக்காங்க."

டாக்டர் வீட்டு வாசலைப் பார்த்தாள். இளமரம், அதன் கழுத்தை நெரிப்பது போல அதே நீலமும் வெள்ளையும். மகளுக்காகச் சொன்ன ஒரு பொய், இந்தத் தெருவையே மொட்டையடித்துவிடும். பிறக்கப்போகிற பேரப்பிள்ளை விளையாடப் போவதும் இதே தெருவில்தானே?

தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"அண்ணே, நான் சொன்னது பொய். வயசில்ல, மேடைதான். அடிமரத்தை மண்ணைப் போட்டு மூடினா மூச்சு முட்டும், ஈரத்துலயே ஊறிப் பட்டை அழுகிடும். நீங்க ஆசையாத்தான் செஞ்சீங்க. ஆனா மரம் அதாலதான் போச்சு."

அந்த நேரம் பார்த்தா ரம்பம் நிற்க வேண்டும்? ஆட்கள், டாக்டர், ஜன்னலில் மகள், எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. சம்பந்தி உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

போச்சு, என் வாய்க்கு ஒரு பூட்டு இல்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இனி மகள் அந்த வீட்டில் எப்படி நடமாடுவாள்? கோபத்தை ஆட்கள் மேல் காட்டினாள். அவர்கள் கிளைகளை வண்டியில் ஏற்றினார்கள்.

கேட் திறந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு, கையில் ஒரு பழைய கடப்பாரையுடன் சம்பந்தி வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கடந்து போய், டாக்டர் வீட்டு மேடையில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

டாக்டர் பதறிப்போனார். "என்னங்க இது, நல்லாத்தானே இருக்கு?"

"சொத்தைப் பல்லோட உங்ககிட்ட வர்றவங்ககூட வெளியில நல்லாத்தான் இருக்காங்க டாக்டர். எங்க சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க, உடைச்சாகணும்."

இன்னொரு போடு. பிறகு, திரும்பாமலே அவளிடம் சொன்னார்:

"உங்க பொண்ணு சாப்பாடு எடுத்து வெச்சிருக்கா. போய்ச் சாப்பிடுங்க. முதல்ல பொய் சொன்னீங்களே, அதை அப்புறம் பேசிக்கலாம்."

அவள் தன் கையுறைகளைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.